உனக்கேன் தேவையில்லாத வேலை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்ட போயிருந்தன். இந்த முறை ஓ.எல். எடுக்கப்போற அவட மகன் கோழிக்கறியைக் கிளறிக்கொண்டே மெதுவா விசயத்தை எடுத்தான். ஸ்கூல்ல மாணவர் பாராளுமன்றத்துக்கு எலெக்ஷன் வருதாம், வகுப்புப் பெடியள் இவனை நிக்கச் சொல்றாங்களாம், நிக்கட்டா எண்டு. அக்கா வாய் திறக்க முதலே குசினிக்குள்ள இருந்து அம்மாட குரல், "உனக்கேன் ராசா தேவையில்லாத வேலை, படிக்கிற பிள்ளைக்கு?" ஹோல்ல அப்பா வீரகேசரியை முகத்துக்கு நேர பிடிச்சபடி ஒண்டும் சொல்லேல்ல. பேப்பர் ஒருக்காக் கூட ஆடேல்ல, அதால அவர் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவர் எண்டு எனக்குத் தெரியும்.

அந்த வசனத்தை நான் முப்பது வருசமா கேக்கிறன். வகுப்பில ஒரு டீச்சர் ஒரு பிள்ளையை அநியாயமா அடிச்சதுக்கு நாங்க அஞ்சு பேர் சேர்ந்து அதிபரிட்டப் போவம் எண்டு யோசிச்சபோது கேட்டன். கெம்பஸ்ல யூனியன் மீட்டிங் எண்டு லேட்டா வந்தபோது கேட்டன். வேலைக்குச் சேர்ந்து ஓவர்டைம் காசைப் பற்றி எச்.ஆர்.க்கு மெயில் போடட்டா எண்டு கேட்டபோதும் கேட்டன். சண்டை போட்டுச் சொல்ற வசனம் இல்லை அது, தலையைத் தடவிக்கொண்டு சொல்றது, அதுதான் பிரச்சினையே, ஏசினா எதிர்த்துக் கதைக்கலாம், தலையைத் தடவினா என்ன செய்ய?

எங்கட வீட்டில பேர் எழுதுறதுக்குப் பயம். இது வெளியில இருக்கிறவங்களுக்கு விளங்குமோ தெரியாது. யாராவது ஒரு பேப்பரைக் கொண்டு வந்து இதில பேரும் அட்ரஸும் எழுதி ஒரு சைன் வைங்க எண்டா அப்பாட முகம் மாறிடும், அது கோயில் திருவிழா உபயக் கொப்பியா இருந்தாலும் சரிதான். அப்பா 83ல கொழும்பில வேலை செய்தவர், பம்பலப்பிட்டியில ரூம் எடுத்து இருந்தவர். அந்த ஜூலைக் கலவரத்தில தமிழரை அடிக்க வந்தவங்கட கையில வாக்காளர் இடாப்பு இருந்தது எண்டுறது இப்ப புத்தகங்களில இருக்கிற விசயம், ஆனா எனக்கு அது புத்தகத்தில இருந்து வரேல்ல. எந்த வீடு தமிழ் வீடு, எது சிங்கள வீடு எண்டு லிஸ்டைப் பாத்துப் பாத்து வந்தவங்க எண்டு அப்பா ஒரே ஒருக்கா, கரண்ட் இல்லாத ஒரு ராத்திரியில சொன்னவர். பிறகு கப்பல்ல ஏறி காங்கேசன்துறைக்குப் போய், ரெண்டு வருசத்தில திரும்பவும் இதே கொழும்புக்கு வந்தவர், சம்பளம் இங்கதானே.

அதுக்குப் பிறகு யுத்த காலத்துப் பொலிஸ் பதிவு. வீட்டில ஆர் ஆர் இருக்கிறாங்க, எந்த ஊர், ஏன் வந்தவங்க எண்டு ஃபோம் நிரப்பிக் குடுத்து, அந்தக் கொப்பியைப் பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு சாமி அறையில வைப்பா அம்மா. முருகன் படத்துக்குக் கீழ பொலிஸ் பதிவு! யாழ்ப்பாணத்தில இருந்து ஆரும் ரெண்டு நாளைக்கு வந்தாக் கூட முதல்ல பதிவு, பிறகுதான் தேத்தண்ணி. 2007 ஜூன் 7ஆம் திகதி விடிய வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்க லொட்ஜுகளில இருந்த தமிழ் ஆக்களை, 300 பேருக்கும் மேல, பஸ்ஸில ஏத்தி வவுனியாப் பக்கம் அனுப்பினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நான் அந்த வருசம் ஏ.எல்., அண்டைக்கு ரியூசன் போகேல்ல. அடுத்த நாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போட்ட வழக்கில உயர் நீதிமன்றம் அதை நிப்பாட்டச் சொல்லி இடைக்கால உத்தரவு குடுத்தது. இப்ப யோசிச்சா அந்த ரெண்டாவது விசயம்தான் எனக்கு ஆச்சரியமா இருக்கு. ஒரு அமைப்பு போய் ஒரு வழக்குப் போட்டு ஒரே நாளில ஒரு உத்தரவு வாங்கியிருக்கு. ஆனா எங்கட வீட்டில பஸ்ஸைப் பற்றி மாசக் கணக்கா கதைச்சாங்க, வழக்கைப் பற்றி ஒரு நாளும் கதைச்சதில்ல. அதை ஆர் போட்டது எண்டு நான் தெரிஞ்சுகொண்டது இருபத்தஞ்சு வயசுக்குப் பிறகு.

இவ்வளவும் சொல்லிப்போட்டு இன்னொண்டு சொல்லாட்டி அப்பாவுக்கு நான் செய்யிற அநியாயம். மனுசன் ஒரு வோட்டும் தவற விட்டதில்ல. எலெக்ஷன் அண்டு காலம ஏழு மணிக்கு பூத் திறக்கேக்க லைன்ல முதல் பத்துப் பேருக்குள்ள நிப்பார், அயர்ன் பண்ணின சேர்ட்டோட, சின்ன விரல்ல மையோட வீட்ட வந்து இட்லி சாப்பிடுவார், ஆருக்குப் போட்டது எண்டு அம்மாவுக்கே சொல்ல மாட்டார். எந்த இடாப்பைப் பாத்து வந்து வீட்டை எரிச்சாங்களோ அதே இடாப்பில தன்ட பேர் இருக்கா எண்டு ஒவ்வொரு வருசமும் கிராம சேவகரிட்டப் போய்ப் பாக்கிற ஆள். இதை நினைச்சா எனக்கு இப்பவும் தொண்டையில ஏதோ நிக்கும்.

அதால எங்களுக்கு வோட்டுப் போடுறது பழகிட்டுது. உண்மையில இந்த நாட்டுக்கே அது பழக்கம்தான். 1931ல இருந்து சர்வசன வாக்குரிமை, 2019 ஜனாதிபதித் தேர்தல்ல 83 வீதத்துக்கு மேல, 2024 செப்டெம்பர்ல 79 வீதமளவில போட்டிருக்கிறம், எத்தனையோ பணக்கார நாடுகளில இவ்வளவு வராது. ஆனா ஒரு எலெக்ஷனுக்கும் அடுத்த எலெக்ஷனுக்கும் நடுவில இருக்கிற அஞ்சு வருசத்தில என்ன செய்யிறது எண்டு ஆரும் எனக்குச் சொல்லித் தரேல்ல. ஸ்கூல்ல குடியியல் எண்டு பாடம் இருந்தது, உள்ளூராட்சி சபைகளின் வகைகள் மூன்று, மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை, இப்பவும் நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். தண்ணி ஓடுற வடிகான் அடைச்சா ஆருக்கு எழுதுறது எண்டு அந்தப் புத்தகத்தில இல்லை. தமிழ் மன்றத்தில விவாதம் நடக்கும், தலைப்பு தொலைக்காட்சியால நன்மையா தீமையா. ஒவ்வொரு வருசமும் தொலைக்காட்சி! சனிக்கிழமை காலம கணக்கு ரியூசன், பின்னேரம் கெமிஸ்ட்ரி, ஞாயிறு இங்கிலிஷ். சிங்களப் பிள்ளைகள் அதே ஸ்கூல்ல அடுத்த பில்டிங்ல சிங்கள மீடியத்தில படிச்சாங்க, கன்டீன் லைன்ல மட்டும் சந்திப்பம், சில்லறை இருக்கா எண்டு கேக்கிற அளவுக்குத்தான் எனக்குச் சிங்களம்.

முதல் முதல்ல ஒரு பேப்பர்ல நான் பேர் போட்டது முப்பது வயசில. 2019, மழைக்காலம். எங்கட லேன்ல கான் அடைச்சு, கீழ் வீட்டு முஸ்லிம் அன்ரிட ஹோலுக்குள்ள மூண்டு தரம் தண்ணி வந்திட்டுது. நாங்க மூண்டாம் மாடி, எங்களுக்கு நாத்தம் மட்டும்தான். ஒரு நாள் அவ பெல் அடிச்சு உள்ளுக்கு வந்து, கதிரையில இருந்து, தண்ணி குடிச்சிட்டுச் சொன்னா, "மகள், எனக்கு எழுத ஏலா, நீங்க எழுதித் தாங்க, வீடு வீடாப் போய் சைன் எடுக்கிறது என்ட வேலை." எழுதினன். ஒரு மணித்தியாலம் எடுத்து நல்ல தமிழ்ல எழுதினன். கடைசியில பேர், வீட்டு நம்பர், கையொப்பம் எண்டு கோடு போட்டுக் குடுத்தன். அவ வாங்கிப் பாத்திட்டுத் திருப்பித் தந்தா. "முதல்ல உங்கட பேரைப் போடுங்க மகள். ஒரு பேரும் இல்லாத பேப்பர்ல ஒருத்தரும் சைன் வைக்க மாட்டாங்க."

கை நடுங்கினது எண்டு எழுதினா சினிமாத்தனமா இருக்கும், நடுங்கேல்ல, ஆனா அப்பா வீட்டில இல்லை எண்டு ஒருக்காத் திரும்பிப் பாத்திட்டுத்தான் போட்டன். கல்யாணம் முடிச்சு வேற வீட்டில இருக்கிறன், அப்பா எங்க வரப்போறார், ஆனா பாத்தன்.

இருபத்தி ரெண்டு சைன் வந்தது. கடிதத்துக்குப் பதில் இல்லை. பிறகு ஒபிஸ்ல என்னோட வேலை செய்யிற தம்பி ஒருவர் சொல்லித்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றித் தெரிஞ்சது. 2016ல வந்த 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கு, எதுக்குக் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை, தருவமா மாட்டமா எண்டுற முடிவை 14 வேலை நாளுக்குள்ள சொல்லவேணும். அந்தக் கானை கடைசியா எப்ப துப்பரவாக்கினீங்க, எவ்வளவு செலவு எண்டு ரெண்டே ரெண்டு கேள்வி. பதில் வந்தது, தனிச் சிங்களத்தில. முதலாம் மாடியில இருக்கிற ரிட்டயர்ட் சிங்கள டீச்சரிட்டக் கொண்டு போனன், அவ கண்ணாடியைப் போட்டு வாசிச்சு, இங்கிலிஷில விளங்கப்படுத்தி, பிறகு தானே கோவப்பட்டு, "நீங்க தமிழ்ல கேட்டா அவங்க தமிழ்லதான் தரவேணும், திருப்பி அனுப்புங்க" எண்டா. அனுப்பினம். தமிழ்ப் பதில் வர முதல் ஒரு நாள் காலம லொறியில ஆக்கள் வந்து கானைத் தோண்டத் தொடங்கிட்டாங்க. பாதிதான் தோண்டினாங்க, அது வேற கதை. ஆனா அந்தப் பாதியால அன்ரி வீட்டுக்கு அந்த வருசம் தண்ணி வரேல்ல. ஒரே பில்டிங்ல இருந்தும் அந்த டீச்சர்ட வீட்டுக்குள்ள நான் கால் வச்சது அண்டைக்குத்தான்.

அந்த ஒபிஸ் தம்பியைப் பற்றிச் சொல்ல வேணும். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெடியன், என்னை விட ஆறு வயசு குறைவு, சம்பளமும் குறைவு, ஆனா மீட்டிங்ல மனேஜர் ஏதாவது கேள்வி இருக்கா எண்டு கேட்டா முதல்ல கை உயர்த்துறது அவர்தான். சாப்பாட்டு அலவன்ஸ் ஏன் குறைஞ்சது எண்டு எல்லாரும் பன்ட்ரியில குசுகுசுத்தம், அவர் மட்டும் எழும்பிக் கேட்டார். எனக்கு அவரைப் பாத்தா பொறாமை, கொஞ்சம் பயமும். ஒரு நாள் கேட்டன், தம்பிக்கு எப்பிடி இவ்வளவு தைரியம் எண்டு. அவருக்குக் கேள்வியே விளங்கேல்ல. "தைரியம்லாம் இல்லக்கா. எங்க அப்பா தோட்டத்துல தலைவரு. சங்கத்து கூட்டம் எங்க லயத்து வாசல்லதான் நடக்கும். சின்னப் புள்ளையில நான் டீத்தண்ணி ஊத்திக் குடுப்பேன். தொரைகிட்ட என்ன பேசணும், யாரு பேசணும்னு சண்ட போட்டுக்குவாங்க. அத பாத்துக்கிட்டே தூங்கிருவேன்."

நான் முப்பது வயசில அன்ரிட்டப் படிச்சதை அவர் டீத்தண்ணி ஊத்தின வயசில படிச்சிட்டார். 1948ல குடியுரிமைச் சட்டத்தால நாடற்றவங்களா ஆக்கப்பட்ட மலையகத் தமிழ்ச் சனம் அது, கடைசிக் கணக்கு வழக்கு முடிய 2003 வரைக்கும் போனது, அப்பிடியிருந்தும் சங்கம் எண்டு ஒண்டு அவங்கட வாசல்ல இருந்தது. சங்கத் தலைவர்மார் கொழும்புக்கு வந்து என்ன செய்தாங்க எண்டுறதுக்கு அவரிட்டயே நீண்ட ஏச்சு லிஸ்ட் இருக்கு, அதை இங்க எழுதேல்ல. 2018 ஒக்டோபர்ல ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபா சம்பளம் கேட்டு காலிமுகத்திடல்ல மலையகப் பெடியள் கறுப்புச் சட்டையோட வந்து நிண்டாங்களே, கொழும்புக் கடைகளிலயும் ஒபிஸுகளிலயும் வேலை செய்யிற தோட்டத்துப் பிள்ளைகள், அதில இவரும் நிண்டவர். நான் அண்டைக்கு 100 நம்பர் பஸ்ஸில அந்தப் பக்கத்தால போனனான், யன்னலால பாத்தனான், என்ன ட்ராபிக் எண்டுதான் நினைச்சனான். ஒண்டு மட்டும் விசித்திரம், இவர் பன்னிரண்டு வருசமா கொழும்பில இருக்கிறார், வோட்டு இன்னும் ஊரிலதான். எலெக்ஷனுக்கு முதல் நாள் பஸ்ஸில தொங்கிக்கொண்டு போய்ப் போட்டிட்டு வருவார். போர்டிங் ரூமில இருக்கிற ஆயிரக்கணக்கான பெடியள் பெட்டையள் இப்பிடித்தான். அவங்கட லேன் கானைப் பற்றி எந்தக் கொழும்புக் கவுன்சிலருக்கும் அக்கறை இல்லாததில ஆச்சரியம் என்ன.

இந்தத் தம்பியால நான் இதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினன். அமெரிக்கக் கதை ஒண்டு மண்டைக்குள்ள நிண்டிட்டுது. 1964 கோடையில மிசிசிப்பியில கறுப்பின மக்களை வாக்காளராப் பதியிறதுக்கு உதவி செய்ய எண்டு வடக்குப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேல விண்ணப்பம் போட்டாங்க. சும்மா ஆபத்தில்ல, அந்த ஜூன்லயே இந்த வேலையில இருந்த மூண்டு பேரைக் கொலை செய்தாங்க. அங்கயும் லிஸ்ட் கதைதான், வாக்காளராப் பதிய வாற ஆளின்ட பேரை உள்ளூர்ப் பேப்பர்ல போடவேணும் எண்டு 1962ல சட்டமே கொண்டு வந்திருந்தாங்க, முதலாளியும் பக்கத்து வீட்டுக்காரனும் பாக்கட்டும் எண்டு. அப்பாவுக்கு இதைச் சொன்னா உடன விளங்கியிருக்கும். எழுநூறு பேருக்கு மேல போனாங்க, இருநூறு பேருக்கு மேல போக முதலே விலகிட்டாங்க. இருபது வருசத்துக்குப் பிறகு டக் மக்அடம் எண்ட சமூகவியலாளர் அந்தப் பழைய விண்ணப்ப ஃபோமுகளைத் தேடி எடுத்து, போனவங்களுக்கும் போகாதவங்களுக்கும் என்ன வித்தியாசம் எண்டு பாத்தார். கொள்கையில பெரிசா வித்தியாசம் இல்லை, ரெண்டு பக்கமும் அதே நம்பிக்கைதான். போனவங்களுக்கு, தங்களோட சேர்ந்து போற நெருங்கின கூட்டாளிமார் இருந்தாங்க. பெரிய வித்தியாசங்களில அது ஒண்டு. அப்பிடிப் போனவங்கதான் நாப்பது வயசிலயும் ஏதாவது ஒரு இயக்கத்தில, சங்கத்தில கூடுதலா இருந்தாங்களாம். 1995ல வேற மூண்டு ஆய்வாளர்கள் சனம் ஏன் பொது விசயத்தில ஈடுபடுறதில்ல எண்டதுக்கு மூண்டு காரணம் எழுதினாங்க, ஏலாது, விருப்பமில்ல, மூண்டாவது, ஆரும் கூப்பிடேல்ல. அந்த மூண்டாவதை வாசிச்ச உடன எனக்கு கீழ் வீட்டு அன்ரி பெல் அடிச்சதுதான் ஞாபகம் வந்தது.

இந்த உற்சாகத்தோட 2022 வந்தது. பதிமூண்டு மணித்தியாலம் கரண்ட் கட், கேஸ் லைன், பெற்றோல் லைன். ஏப்ரல் 9ஆம் திகதி காலிமுகத்திடல்ல போராட்டம் தொடங்கினது, நாலு நாள் கழிச்சுத் தம்பி போன் எடுத்தார், "அக்கா வாங்க, நாங்க ஆறு பேரு இருக்கோம்." போனன். தனிய வந்த ஆளை நான் அங்க கண்டதே குறைவு, எல்லாரும் ஆரோடயோ ஒட்டிக்கொண்டுதான் வந்திருந்தாங்க, ஒபிஸ் கூட்டம், கெம்பஸ் பட்ச், அம்மாவும் மகளும். தமிழ்ல தேசிய கீதம் பாடினாங்க. மே 18 அண்டைக்கு அதே இடத்தில, யுத்தத்தின்ட கடைசியில செத்த சனத்தின்ட நினைவா முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுத்தாங்க, அதை என்ட கண்ணால காணுவன் எண்டு நான் நினைச்சதே இல்லை. எங்கட சொந்தக்காரர் கன பேர் வரேல்ல, எங்கட பிரச்சினைக்கு வராதவங்கட பிரச்சினைக்கு நாங்க ஏன் போறது எண்டு, அந்தக் கேள்வியிலயும் பிழை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனா அப்பாட்ட ஒரு நாள் வாய் விட்டன். கொஞ்சம் திமிராத்தான் கேட்டன், எங்களை ஏன் அப்பா ஒண்டுக்கும் போக விடேல்ல, எங்களை ஆரும் கூப்பிடாதமாதிரி ஏன் வளத்தனீங்க எண்டு. அவர் பேப்பரை மடிச்சு வச்சார். அவர் பேப்பரை மடிக்கிறது அபூர்வம்.

"என்ட வகுப்பில நாப்பத்தி ரெண்டு பேர். யூனிவர்சிட்டிக்கு எடுக்கிறதில தரப்படுத்தல் வந்த காலம். இயக்கத்துக்குக் கூப்பிட்டாங்க. சைக்கிள்ல வந்து, பேர் சொல்லி, வாடா எண்டு கூப்பிட்டாங்க. அவனும் வாறான் இவனும் வாறான் எண்டுதான் கூப்பிட்டாங்க. போனவங்களில எத்தனை பேர் திரும்பி வந்தவங்க எண்டு உனக்குச் சொல்லட்டா?"

சொல்லேல்ல. நானும் கேக்கேல்ல. சினேகிதன் கூப்பிட்டா மனுசன் போவான் எண்டுறதை நான் புத்தகத்தில வாசிச்சுக் கண்டுபிடிச்சமாதிரித் துள்ளினன், அவருக்கு அது பதினெட்டு வயசிலயே தெரியும். தெரிஞ்சதாலதான் எங்கட காதைப் பொத்தி வச்சவர். தெற்கிலயும் ஜே.வி.பி. கிளர்ச்சியில, 71லயும் 87-89லயும், இதே கதைதானே நடந்தது, இளைஞர் ஆணைக்குழு எண்டு போட்டு 1990ல அறிக்கை எழுதுற அளவுக்கு. அங்கயும் எத்தனை சிங்கள வீடுகளில ஒரு அம்மா குசினிக்குள்ள இருந்து உனக்கேன் தேவையில்லாத வேலை எண்டு கத்தியிருப்பாவோ. முதலாம் மாடி டீச்சர்ட ஹோல்ல ஒரு பெடியன்ட பழைய போட்டோ தொங்குது. நான் ஆரெண்டு கேட்டதில்ல.

அதுக்காக அப்பா சரி எண்டு நான் சொல்ல வரேல்ல. கானுக்குக் கடிதம் எழுதுறதும் காட்டுக்குப் போறதும் ஒண்டில்ல, அந்தப் பயத்தில ரெண்டையும் ஒரே பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டினதுதான் பிழை. அந்தப் பெட்டிக்குள்ள கடிதம் எழுதிப் பழகாம வளந்த பிள்ளைகள்தான் நாங்க, நாப்பதுக்குக் கிட்ட வந்தும் எச்.ஆர்.க்கு ஒரு மெயில் அனுப்ப ட்ராஃப்ட்ல ஒரு கிழமை வச்சிருக்கிறம்.

அக்காட மகன் எலெக்ஷன்ல நிண்டான், அம்மாவுக்குச் சொல்லாம. தோத்திட்டான். எத்தனை வோட்டு எண்டு சொல்றானில்ல, அதால நல்ல கேவலமான தோல்வி எண்டு நினைக்கிறன். இப்ப வெண்டவன் இவனை ஏதோ கொமிட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறானாம், லைப்ரரி திறக்கிற நேரத்தை மாத்தக் கேக்கப் போறாங்களாம். சித்தி அதிபருக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ எண்டு வட்ஸ்அப்ல கேட்டான். நீ எழுது, நான் திருத்தித் தாறன் எண்டன். அதுக்கு ஒரு கோவ முகம் அனுப்பிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு நாலு வரி அனுப்பினான், அதில ஆறு எழுத்துப் பிழை.

கீழ் வீட்டு அன்ரி போன வருசம் மகனோட டுபாய்க்குப் போயிட்டா. தோண்டாத பாதிக் கான் திரும்ப அடைச்சிட்டுது, போன கிழமை மழைக்கு கேட் வரைக்கும் தண்ணி. அந்த வீட்டுக்கு இப்ப புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு, எந்த ஊர், என்ன பாசை ஒண்டும் தெரியாது, படியில ரெண்டு தரம் சிரிச்சதோட சரி. கடிதத்தை சனிக்கிழமையே எழுதிட்டன், முதலாவது கோட்டில என்ட பேரும் போட்டாச்சு. மேசையில கிடக்குது. அந்தக் குடும்பம் ராத்திரி எட்டு மணிக்குப் பிறகுதான் வீட்ட வருமாம், வாச்சர் சொன்னார்.